தீப்பெட்டிப் படம் சேகரிக்கத் தொடங்குவது: வடசென்னையிலிருந்து சில குறிப்புகள்

கூடைப்பந்து கார்டு சேகரிக்க எப்படி ஆரம்பிக்கணும் என்று என் அக்கா பையன் கேட்டான். பள்ளி அணியில் ஆடுகிறவன். வெளிநாட்டுக்காரர்கள் கார்டு பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்திருக்கிறது. அவனுக்காக இரண்டு வாரம் படித்துக் குறிப்பு எடுத்தேன். முடிவில் நான் சொன்ன பதில்: "முதல்ல தீப்பெட்டிப் படத்துல ஆரம்பி. கார்டு அப்புறம் பாத்துக்கலாம்." ஏன் அப்படிச் சொன்னேன், ஆரம்பிப்பதென்றால் எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

கார்டு உலகம், சுருக்கமாக

விளையாட்டுக் கார்டின் பூர்வீகம் சிகரெட் பெட்டி. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள், பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைத்தன. வெறும் அட்டையாக ஏன் வைக்கணும் என்று அதில் நடிகைகள், பேஸ்பால் வீரர்கள் என்று படம் அச்சடித்தார்கள். 1909-11 காலத்து ஹோனஸ் வாக்னர் கார்டு ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்கு விற்றது.

கூடைப்பந்தில் பெரிய பெயர் 1986-ல் ஃப்ளீர் கம்பெனி வெளியிட்ட தொகுப்பு. மொத்தம் 132 கார்டு, அதில் 57ஆம் எண் மைக்கேல் ஜோர்டான். பழுதே இல்லாத, பத்துக்குப் பத்து மதிப்பெண் வாங்கிய பிரதி 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போனது. இந்த மதிப்பெண் போடுவதற்கென்றே பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன.

இந்த மாதிரி விலைகளைப் பார்த்ததும் எல்லாரும் கார்டைப் பத்திரப்படுத்த ஆரம்பித்தார்கள். 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் கம்பெனிகள் லட்சக்கணக்கில் அச்சடித்துத் தள்ளின. எல்லாரும் பத்திரமாக வைத்திருந்ததாலேயே அந்தக் காலத்துக் கார்டுகள் பெரும்பாலும் இன்றைக்கு விலை போவதில்லை. அதன் பிறகு கம்பெனிகள் வழியை மாற்றிக்கொண்டன. அபூர்வத்தைத் தாங்களே தயாரித்தார்கள். ஒரே வீரர், ஒரே படம். ஓரத்தில் நிறம் மட்டும் வேறு. தங்க நிறம் பத்தே பத்து, கறுப்பு ஒன்றே ஒன்று. எண் போட்டு அச்சடித்து, பாக்கெட்டுகளுக்குள் ஒளித்து வைத்துவிடுவார்கள். ஜோர்டானும் கோபி பிரையன்ட்டும் கையெழுத்திட்ட, உலகில் ஒன்றே ஒன்றான கார்டு 2025 ஆகஸ்டில் 1.29 கோடி டாலருக்கு ஏலம் போனது. 2009-லிருந்து பனினி வசம் இருந்த என்.பி.ஏ. உரிமம் இப்போது டாப்ஸுக்குப் போயிருக்கிறது. கம்பெனி மாறினாலும் முறை மாறவில்லை.

ஆக, பிரிக்காத கார்டு பாக்கெட் ஒரு வகையில் லாட்டரிச் சீட்டு. லாட்டரியை 2003-லேயே தடை செய்த மாநிலம் நம்முடையது! அதிலும் பாக்கெட் கடல் தாண்டி வரணும், கூரியர், சுங்கவரி எல்லாம் சேரும். பதினாலு வயசுப் பையனுக்கு அது கற்றுக்கொடுப்பது பார்ப்பதை அல்ல, பந்தயம் கட்டுவதை.

தீப்பெட்டிப் படம் இதற்கு நேர் எதிர். அதை யாரும் பத்திரப்படுத்துவதற்காக அச்சடிக்கவில்லை. குச்சி தீர்ந்ததும் தூக்கி எறிவதற்காகவே அச்சடித்தார்கள். அதனால் தப்பிப் பிழைத்த ஒவ்வொன்றும் தற்செயலாகப் பிழைத்தது. அதன் அபூர்வத்தை ஒரு கம்பெனி உட்கார்ந்து திட்டமிடவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

நம்ம ஊருக்கும் தீப்பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?

மணலியிலிருந்து கிழக்கே, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் திருவொற்றியூர். அங்கே விம்கோ நகர் என்று ரயில் நிலையம் இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து அதே பெயரில் மெட்ரோ நிலையமும் இருக்கிறது. தினம் ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறார்கள். விம்கோ என்றால் என்ன என்று கேட்டால், சின்னப் பசங்க பல பேருக்கு அது ஒரு ஸ்டேஷன் பெயர், அவ்வளவுதான்.

விம்கோ என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் 1923-ல் இந்தியாவில் தொடங்கியது. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, இங்கே திருவொற்றியூர் என்று பெரிய இயந்திர ஆலைகள் வைத்திருந்தார்கள். கப்பல் படம் போட்ட 'ஷிப்' தீப்பெட்டி அவர்களுடையது. 'ஹோம்லைட்ஸ்' அவர்களுடையது. 2005-ல் விம்கோ ஐ.டி.சி. கைக்குப் போனது.

அதே 1920களில், சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இவருடைய 'அணில்', அவருடைய 'காக்கா' என்று மார்க்கின் பெயராலேயே ஆட்களை அடையாளம் சொல்லும் அளவுக்குத் தொழில் வளர்ந்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, வடக்கே குடியாத்தம் என்று பரவியது.

இங்கே ஒரு கேள்வி. விம்கோவுக்கு இருந்தது விரல் விட்டு எண்ணும் மார்க்குகள். தெற்கே மட்டும் ஏன் ஆயிரக்கணக்கில் படங்கள்? கிளி, தாமரை, சாவி, மணி, புலி, விமானம், சினிமா நடிகை என்று எங்கிருந்து வந்தன இவ்வளவு? கலை ஆர்வம் மட்டும் காரணமில்லை, வரியும் ஒரு காரணம். 1934-ல் தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி வந்தது. பிற்பாடு, பெரிய இயந்திர ஆலைகளைவிடக் கையால் செய்யும் சின்ன ஆலைகளுக்கு வரியில் சலுகை தரப்பட்டது. ஒரே பெரிய ஆலையாக இருப்பதைவிடப் பல சின்ன ஆலைகளாக இருப்பது லாபம் என்றானது. ஒவ்வொரு சின்ன ஆலைக்கும் ஒரு மார்க் வேணும், ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு படம் வேணும். சிவகாசியில் அச்சகங்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். கூடைப்பந்து கார்டில் நிறம் மாற்றுவது விற்பனைத் தந்திரம். தீப்பெட்டியில் படம் மாறியதற்குப் பின்னால் வரிச் சட்டம் இருந்தது. சேகரிப்பவருக்கு இது தெரிந்திருக்கணும். அப்போதுதான் ஒரு படத்தைப் பார்த்து "அழகா இருக்கு" என்பதோடு நிற்காமல் "இது ஏன் இருக்கு?" என்று கேட்கத் தோன்றும்.

எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள்

"கிடைக்கிறதையெல்லாம் சேர்ப்பேன்" என்று ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் ஒரு ஷூ டப்பா நிறைய அட்டை இருக்கும், ஆர்வம் இருக்காது. சின்னதாக ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். பறவைப் படங்கள் மட்டும். கோவில்பட்டி முகவரி மட்டும். ஒரு ரூபாய்ப் பெட்டிகள் மட்டும்.

என்னுடைய எல்லை இது: மணலிக்குள் கைக்கு வந்த, தமிழ்நாட்டில் செய்த, ஆனால் தமிழ் எழுத்தே இல்லாத பெட்டிகள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் இந்தப் பக்கம் வரிசையில் நிற்கும். வடக்கத்தி ஓட்டுநர்கள் டீக்கடையில் பீடி பற்றவைத்துவிட்டுக் காலிப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போவார்கள். டீக்கடை அண்ணனிடம் எடுத்து வைக்கச் சொன்னபோது, "இன்னா சார், காலிப் பொட்டியா? குச்சி இருக்கறதையே தர்றேன், வாங்கிக்க" என்றார். இப்போது அவரே ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறார். அப்படி வந்தவற்றில் ஒன்று முழுக்க ஒடியா எழுத்து. திருப்பி ஓரத்தில் பொடி எழுத்தைப் பார்த்தால் முகவரி கோவில்பட்டி! இங்கிருந்து போன பெட்டி, ஒடிசாவைச் சுற்றிவிட்டு, வடசென்னை வழியாக என்னிடம் வந்திருக்கிறது. நாடு முழுக்க விற்கும் தீப்பெட்டியில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் ஆவது என்று புள்ளிவிவரமாகப் படிப்பது வேறு, கையில் வைத்துப் பார்ப்பது வேறு.

படத்தின் வயதைக் கண்டுபிடிப்பது

லேபிளில் வருடம் போட மாட்டார்கள். ஆனால் வேறு தடயங்கள் இருக்கும். நான் ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கும் கணக்கு இது:

- அணா என்று விலை இருந்தால் அநேகமாக 1957க்கு முந்தையது. அந்த வருடம் ஏப்ரல் 1-ல் தசம நாணயம் வந்தது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது.
- ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது.
- சிவகாசி, சாத்தூர் முகவரியில் ராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால் 1985க்கு முன். காமராஜர் மாவட்டம் என்றால் 1985-97. விருதுநகர் மாவட்டம் என்றால் அதற்குப் பின்.
- கோவில்பட்டியில் திருநெல்வேலி மாவட்டம் என்றால் 1986க்கு முன். சிதம்பரனார் மாவட்டம் என்றால் 1986-97. பிறகு தூத்துக்குடி.
- சில்லறை விலை 1995-ல் 50 காசானது, 2007-ல் ஒரு ரூபாயானது, 2021 டிசம்பர் 1-ல் இரண்டு ரூபாயானது.
- மெல்லிய மரச்சீவல் பெட்டி மேல் காகிதம் ஒட்டியிருந்தால் பழைய முறை. அட்டையிலேயே நேராக அச்சடித்திருந்தால் பிந்தைய முறை.

ஒரு எச்சரிக்கை. இவற்றில் புதிய அடையாளம்தான் உறுதியான சாட்சி. பின்கோடு இருந்தால் 1972க்கு முந்தையதாக இருக்க முடியாது, அது நிச்சயம். ஆனால் பழைய மாவட்டப் பெயர் இருப்பதால் மட்டும் பழசு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் மார்க்கில் அச்சகம் பழைய பிளாக்கையே வைத்து இன்னும் சில வருடம் ஓட்டியிருக்கலாம். கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு இந்த ஜாக்கிரதை பழகிய ஒன்று. தீப்பெட்டிக்கும் அதே ஜாக்கிரதை வேணும்.

இந்தக் கணக்குப் பழக்கம் வந்துவிட்டால் நாளைக்குக் கூடைப்பந்து கார்டு வாங்கினாலும் கை கொடுக்கும். விற்பவர் சொல்வதை நம்பாமல், பொருளையே திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அது.

எடுப்பதும் வைப்பதும்

முதலில் பாதுகாப்பு. குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசினால் பற்றும், அதற்குத்தானே செய்திருக்கிறார்கள். எனவே குச்சி இருக்கும் பெட்டிகளைக் குவித்து வைக்கவே கூடாது. குச்சியை வெளியே எடுத்து வீட்டில் பயன்படுத்துங்கள். படம் மட்டும் சேகரிப்புக்கு.

மரச்சீவல் பெட்டியில் ஒட்டிய காகிதத்தை உரிக்காதீர்கள், கிழியும். பசை நீரில் இளகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பெட்டியை ஊறவிட்டால் கால் மணி, அரை மணியில் காகிதம் தானாக மிதந்து வரும். அதற்கு முன், ஒரு ஓரத்தில் ஈர விரலால் தொட்டுப் பாருங்கள். சாயம் விரலில் ஒட்டினால் ஊறப்போடாமல் பெட்டியாகவே வைத்துவிடுவது நல்லது. ஈரக் காகிதத்தைச் செய்தித்தாளில் காயவைத்தால் மை இறங்கும். வெள்ளைத் துணியில் போட்டு, பாதி காய்ந்ததும் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து மேலே ஒரு கனமான புத்தகத்தை ஏற்றுங்கள்.

அட்டைப் பெட்டியை ஒட்டிய இடத்தில் மெதுவாகப் பிரித்து விரித்தாலே போதும். மருந்து தடவிய பக்கம் அடுத்த படத்தில் உரசாமல் நடுவில் ஒரு தாள் வையுங்கள்.

செய்யக்கூடாதவை: லேமினேஷன், செல்லோ டேப், பசையுள்ள ஆல்பம். மூன்றும் படத்தைக் காப்பாற்றுவதுபோல இருந்து, கடைசியில் கெடுத்துவிடும். சாதாரண வெள்ளைக் கவர் போதும். எண்ணூர்க் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. சுவரை ஒட்டிய அலமாரியில், தரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள்.

முக்கியமான வேலை கவரின் மேல் எழுதுவது. எந்தத் தேதி, எந்த இடம், யார் கொடுத்தது. பென்சிலில் எழுதுங்கள். படம் எப்போதாவது இன்னொருவரிடம் கிடைக்கும். இந்தத் தகவல் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

காசு

முதல் நூறு படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். மளிகைக்கடை, டீக்கடை, காயலான் கடை, ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள், இவர்களிடமே நூறு தேறும். காயலான் கடையில் பழைய நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவே யாரோ ஒரு பையன் ஒட்டி வைத்த படங்கள் வரும். ஒரு காலத்தில் தீப்பெட்டி அட்டையும் சிகரெட் அட்டையும்தான் பசங்களுக்குப் பணம். கட்டம் போட்டு நடுவில் அடுக்கி, கல்லால் அடித்து வெளியே தள்ளி ஜெயிப்பார்கள். எந்த மார்க்குக்கு எவ்வளவு மதிப்பு என்று தெருவுக்குத் தெரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள், கேளுங்கள்.

நூறு சேர்ந்த பிறகு, வாங்கலாம். இணையத்தில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். அதில் பெட்டியில் ஒட்டாமலே அச்சகத்தில் மிஞ்சிய தாள் இருக்கும். அது போலி இல்லை, ஆனால் தெருவில் புழங்கியதும் இல்லை. சேகரிப்பவர்களுக்காகவே புதிதாக அச்சடித்ததும் இருக்கும். பின்பக்கம் பாருங்கள். பசைத்தடம், மரநார், மடிப்பு இருந்தால் அது பெட்டியில் வாழ்ந்தது. "அபூர்வம்" என்று விற்பவர் எழுதியிருந்தால் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம். அபூர்வம் என்று சொல்ல மொத்தம் எத்தனை அச்சானது என்று தெரியணும். கூடைப்பந்து கார்டில் அந்த எண் கார்டிலேயே இருக்கும். தீப்பெட்டியில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

படம் சொல்லாதது

இதைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அந்த அழகான பழைய லேபிள்களைப் பெட்டியில் ஒட்டியது பெண்களும் குழந்தைகளும். அதிகாலையில் வேன் வந்து கிராமத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம் அது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்புச் சொன்னது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும். வழக்கின் தொடக்கமே சிவகாசித் தொழிற்சாலைகள்தான். என் கணக்கு அட்டையில் அந்தத் தேதியையும் மாவட்டப் பெயர்களுக்குக் கீழே எழுதியிருக்கிறேன். காமராஜர் மாவட்டம் என்று அச்சிட்ட ஒரு கிளிப் படம் கையில் வந்தால், அது அந்தத் தீர்ப்புக்கு முந்தையதாக இருக்க நிறைய வாய்ப்பு. அதைப் பின்பக்கம் திருப்பினால் தெரியும் கோணல்மாணலான பசைக்கோடு ஒரு பத்து வயசுக் கையாக இருக்கலாம். இதற்காகச் சேகரிக்காமல் விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. படத்தின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து ரசிக்கிற சேகரிப்பு பாதிச் சேகரிப்பு என்கிறேன்.

கையால் செய்யும் ஆலைகள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. இயந்திரம் ஒரு பக்கம், பிளாஸ்டிக் லைட்டர் இன்னொரு பக்கம். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்ததற்குத் தென்மாவட்டத் தீப்பெட்டிக்காரர்களின் நெருக்கடியே காரணம். ஒரு சின்ன ஆலை மூடினால் அதன் மார்க்கும் போய்விடும். அதற்கென்று காப்பகம் கிடையாது. கடைசிப் பெட்டி தீர்ந்த அன்றைக்குப் படமும் குப்பைக்குப் போகும்.

ஆகவே ஆரம்பிக்கிறவர்கள் பழைய படத்தைத் தேடி அலைவதற்கு முன், இன்றைக்கு வீட்டு அடுப்படியில் இருக்கும் பெட்டியைத் திருப்பி ஓரத்து எழுத்தைப் படியுங்கள். ஊர், பின்கோடு, விலை. ஒரு கவரில் எழுதுங்கள். திருவொற்றியூர், எர்ணாவூர், மணலிப் பக்கம் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்யலாம். உங்கள் தெருவில் விம்கோவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் யாராவது இருப்பார். அவரிடம் எந்தப் பிரிவில் இருந்தார், பெட்டி எப்படி வந்தது, லேபிள் எங்கே ஒட்டினார்கள் என்று கேட்டு, தேதி போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். படம் இணையத்தில் எப்போதாவது கிடைக்கும். அவர் சொல்வது கிடைக்காது.